கரைகட்டியவரின் கை

"மூஞ்சியில வேணாம்டா. நாளைக்குப் படத்துக்கு நிக்கணும்."

நகராட்சித் தலைவர் இதைச் சொன்னபோது தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டு. வீட்டிலும் உண்டு. மகன் உடனே கையை மாற்றிக்கொண்டான். மனைவியின் தலைமுடியைப் பற்றியிருந்த இடது கையை அப்படியே வைத்துக்கொண்டு, வலது முழங்கையை அவள் பிடரியில் இறக்கினான். அவள் சாப்பாட்டு மேஜையின் விளிம்பில் போய் மோதி, தண்ணீர்க் குவளையையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தாள். கண்ணாடி சிதறியது. உள்ளங்கையில் ஒரு சில்லு ஏறி, ரத்தம் முழங்கை வரை வழிந்தது.

"புதுக் குவளை," என்றாள் மாமியார், யாரிடம் என்றில்லாமல்.

மருமகள் செய்த குற்றம் சின்னதல்ல. மாமனாருக்குப் பரிமாறும்போது, "படத்துல நான்தான் நிக்கணுமா?" என்று கேட்டுவிட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கரைகட்டியவர் பரம்பரையில் பெண்களை அடிக்கும் வழக்கமே கிடையாது. அந்தக் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அந்த வீட்டில் அடிப்பது மாடிப்படி. வாழவந்த பெண்களைத் தேடித்தேடி உருட்டிவிடும் படி அது. ஆண்கள் நாள் முழுக்க ஏறி இறங்கினாலும் அவர்களிடம் வாலாட்டாது. மாமியாரின் வலது மணிக்கட்டு கோணலாக ஒட்டியிருப்பதுகூட அதன் கைவரிசைதான். டாக்டர் கேட்டாலும், பக்கத்து வீட்டார் கேட்டாலும், பெண்ணைப் பெற்றவர்கள் வந்து நின்று கேட்டாலும் மாமியாரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"தானா விழுந்துட்டா."

'தானே' என்பது அந்தக் குடும்பத்தின் பழைய சொத்து. ஊரே அந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது. ஆறு இஷ்டத்துக்குப் புரண்டு ஓடிய சதுப்பு நிலத்துக்கு ஒரு காலத்தில் கரைகட்டியவர் வந்தாராம். கரை கட்டினார், உடைந்தது. மறுபடி கட்டினார், மறுபடி உடைந்தது. கடைசியில் அவருடைய மனைவி உடைப்பின் வாயில் தானே இறங்கினாள். அவள் மேல் மண்ணைக் கொட்டினார்கள். கரை நின்றது, ஊர் பிறந்தது. கரைகட்டியவர் துக்கம் தாங்காமல் அந்த அறுவடைக்குள்ளேயே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். தலைவரின் வம்சம் அந்த இரண்டாம் மனைவியின் வழியில் வந்தது. இருந்தாலும் மேடையில் அவர் குரல் தழுதழுப்பது முதல் மனைவிக்காகத்தான்.

இந்த வரலாற்றை ஆற்றோரத் தெருவின் வெள்ளத்தடுப்புச் சுவரில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, பெரிய ஓவியமாகத் தீட்டுவது என்று நகராட்சி தீர்மானித்தது. ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் ஆலோசகர் ஆனார். 'தானே இறங்கினாள்' என்பது போதாது, 'புன்னகையுடன் தானே இறங்கினாள்' என்றிருக்க வேண்டும் என்று ஆராய்ந்து சொன்னவர் அவர்தான். ஆதாரம் உண்டா என்று ஓர் உறுப்பினர் இழுத்தார். "அழுதாள் என்பதற்கு ஆதாரம் உண்டா?" என்று வாத்தியார் திருப்பிக் கேட்டார். உறுப்பினர் உட்கார்ந்துவிட்டார்.

கரைகட்டியவருக்கு மாதிரியாகத் தலைவரே நிற்பது என்பதில் விவாதமில்லை. மனைவியாக நிற்பது யார்? பரம்பரை முகம் வேண்டும் என்றார் தலைவர். மாமியாருக்கு வயதாகிவிட்டது. ஆற்றில் இறக்கும் வயதில் அந்த வீட்டில் இருந்தவள் மருமகள் ஒருத்திதான். வீட்டுப் பெண் ஓர் அந்நிய ஆண் முன்னால் நிற்பதா என்று அடுத்த சங்கடம் வந்தது. அதனால் கடைப் பலகையும் பள்ளிக்கூடச் சுவரும் எழுதிப் பேர் வாங்கியிருந்த பெயிண்டரம்மா கூப்பிடப்பட்டாள்.

பெயிண்டரம்மா வாயாடி. ஆனால் தைரியசாலி என்று சொல்வதற்கில்லை. வேலை கொடுத்தவர்கள் சிரித்தால் சேர்ந்து சிரிப்பாள். முறைத்தால் பென்சில் சீவ உட்கார்ந்துவிடுவாள்.

குவளை உடைந்த மறுநாள் காலையில் முன்னறையில் ஒரு முக்காலியைப் போட்டு மருமகளை அதன்மேல் ஏற்றினாள்.

"இப்ப தண்ணியில எறங்குற மாதிரி ஒரு கால மெதுவா கீழ விடுங்கம்மா. தானா எறங்குறவங்க காலத்தான் பாப்பாங்க. குனிஞ்சு பாருங்க."

மருமகளால் குனிய முடியவில்லை.

"கழுத்துல என்ன?"

"விழுந்துட்டேன்."

"தானா விழுந்துட்டா," என்று மூலையிலிருந்து எடுத்துக்கொடுத்தாள் காவலுக்கு உட்கார்ந்திருந்த மாமியார். "மாடிப்படியில."

பெயிண்டரம்மாவின் கண் மாமியாரின் மணிக்கட்டுக்குப் போனது. "உங்களுக்கும் படிதானுங்களா?"

"ஆமா. கல்யாணமான புதுசுல."

"அப்பவே இந்தப் படி இருந்துச்சா?"

"அது பழைய படி. அத இடிச்சிட்டுத்தான் இதக் கட்டினாங்க."

"படி மாறியும் குணம் மாறல போலருக்கு."

மாமியார் முறைத்தாள். பெயிண்டரம்மா பென்சில் சீவினாள்.

அந்தப் பென்சிலுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கண்ணில் பட்டதை யோசிக்காமல் போட்டுவிடும். மகன் செல்போனில் பேசிக்கொண்டு முன்னறையைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்துகொண்டிருந்தான். அவன் மருமகளின் பின்னால் வரும்போதெல்லாம் அவள் தோள்கள் காதுவரை ஏறின. இரண்டு கைகளும் விழப்போகிறவளுடைய கைகளைப் போல முன்னால் துள்ளின. அவன் கடந்து போனதும் இறங்கின. வரைந்து முடித்துப் பார்த்தபோது காகிதத்தில் இருந்தவள் காலைப் பார்த்து இறங்கவில்லை. தோளைக் குறுக்கி, கைகளைக் காற்றில் வீசிக்கொண்டு இருந்தாள். பெயிண்டரம்மா அவசரமாக ரப்பரை எடுத்தாள்.

அதற்குள் வாத்தியார் வந்துவிட்டார்.

"அழிக்காதீங்க! அற்புதம்! இதுதான் தியாகத்தின் வேகம். புன்னகையை மட்டும் மறந்துட்டீங்க, அதை வச்சிடுங்க."

பெயிண்டரம்மா வைத்தாள்.

தலைவர் ஒரு நாற்காலியின் மேல் ஏறி, வலது கையை நீட்டி ஆசீர்வாதம் செய்தபடி நின்றார். இறங்கும்போது, படத்தில் தொந்தி வேண்டாம் என்றார். அதுவும் அப்படியே ஆயிற்று.

காகிதத்தில் இருவருக்கும் நடுவே நிறைய இடம் இருந்தது. நாணல் புதர், அதில் இரண்டு கொக்கு. கரைகட்டியவர் எட்ட நின்று கையை நீட்டி வழியனுப்புகிறார், மனைவி ஆற்றை நோக்கிப் போகிறாள். படம் அப்படியே சுவருக்கு ஏறியிருந்தால் எல்லாருக்கும் நன்றாக இருந்திருக்கும். குறுக்கே வந்தது கல்வெட்டு.

சுவரின் இடது ஓரத்தில் தலைவரின் பெயரும் திறப்புவிழா நாளும் மட்டும் பொறித்த கல் ஒன்று என்றுதான் பேச்சு. பிறகு 'நகரத் தந்தை' சேர்ந்தது. தந்தை மட்டும் தனியாக எப்படி நிற்பார் என்று 'கரைக் காவலர்' சேர்ந்தது. எழுத்தைச் சின்னதாக்கலாமே என்று கல்தச்சன் சொன்னபோது தலைவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். ஒவ்வொரு பட்டத்துக்கும் கல் அகலமானது. கல் அகலமாக அகலமாகப் படம் வலது பக்கம் நகர்ந்தது. மனைவியின் உருவத்தை வலது கோடியில் ஏற்கெனவே தீட்டி முடித்தாகிவிட்டது. நகர வேண்டியவர் கரைகட்டியவர்தான். முதல் கொக்கு போயிற்று. இரண்டாவது கொக்கு போயிற்று. நாணல் போயிற்று. கடைசியாக வாத்தியார் 'மங்கையர் காவலர்' என்ற பட்டத்தைக் கண்டுபிடித்தார். அதற்கும் இடம் விட்டு நூல் பிடித்துக் கட்டம் போட்டுப் பார்த்த பெயிண்டரம்மா, சாரத்திலிருந்து இறங்கி வந்தாள்.

"ஐயா, உங்க கை அம்மா முதுகுல முட்டுது."

"முட்டட்டும். ஆசீர்வாதம்னா தொட்டுத்தான் பண்ணணும்."

"இல்லீங்கய்யா, தூரத்துலருந்து பாத்தா..."

"தூரத்துலருந்து எவன் பாக்கப்போறான்? பக்கத்துல வந்து கல்வெட்டப் படிக்கட்டும்."

தலைவர் முறைத்தார். பெயிண்டரம்மா போய்த் தூரிகையைக் கழுவினாள். பிறகு சாரத்தில் ஏறிக் கையை வரைந்தாள், சொன்ன இடத்தில், ஐந்து விரலும் நன்றாக விரிய.

திறப்புவிழாவன்று திரையை இழுத்தவர் தலைவரேதான். ஊர் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றது, அதாவது தூரத்தில். மூன்றாள் உயரத்துக்குக் கரைகட்டியவர் நின்றார். அவருடைய அகன்ற கை ஒரு பெண்ணின் முதுகில் அழுந்தியிருந்தது. அவள் தோளைக் குறுக்கி, கைகளை வீசி, தலைகுப்புற ஆற்றில் போய்க்கொண்டிருந்தாள். வாத்தியார் வைக்கச்சொன்ன புன்னகை அந்தத் தொலைவில் பல் தெரிய அலறுவதுபோல இருந்தது.

கைதட்ட வந்தவர்கள் கையைத் தூக்கிய நிலையில் நின்றார்கள். அந்த அமைதியில், கூடையை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்த மீன்காரம்மா கத்தினாள்:

"அடப்பாவி! பின்னாலருந்து தள்ளுறான்யா!"

முதல் சிரிப்பு நிறுத்தத்தில் நின்ற பேருந்துக்குள்ளிருந்து வந்தது. அப்புறம் தெருவே சிரித்தது. மறுநாளிலிருந்து அந்த நிறுத்தத்துக்குப் பெயரே மாறிவிட்டது. "தள்ளிவிட்டான் ஸ்டாப்! எறங்குறவங்க முன்னாடி வா!" என்று நடத்துநர் கூவுவதைத் தலைவர் தம் காரிலிருந்து தம் காதாலேயே கேட்டார்.

அன்று மாலை மாடிப்படி வெறிபிடித்து ஆடியது.

"உன்ன எவடி அப்படி நிக்கச் சொன்னா? ஹான்? ஊரே சிரிக்குது!" மகன் பெல்ட்டைக் கழற்றி, கொக்கி உள்ள முனை வெளியே இருக்கும்படி கையில் சுற்றிக்கொண்டான். முதல் அடியில் புருவம் பிளந்தது. இரண்டாவதை அவள் கையால் தடுத்தாள். அதனால் கைக்கு ஒன்று, தடுத்ததற்கு ஒன்று. கீழே விழுந்தவளை விலாவில் உதைத்தான். எழுந்திருக்க முயன்றவளைக் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். "இன்னொரு தடவ எங்க மானத்த வாங்கினே, நெஜமாவே ஆத்துல எறக்கிடுவேன். கேக்கறதுக்கு நாதி கெடையாது." தலைவர் பக்கத்து அறையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். இம்முறை முகத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. படம்தான் முடிந்துவிட்டதே.

பிறகு மாமியார் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் துணியும் கொண்டுவந்தாள். கோணல் மணிக்கட்டால் துணியைப் பிழிய முடியாமல் இடது கையால் பிழிந்தாள்.

"யாராவது கேட்டா..."

"தெரியும் அத்தை."

"படின்னு சொல்லு."

"தெரியும் அத்தை."

"என்கிட்டயும் இவங்கப்பா இதேதான் சொல்வாரு, ஆத்துல எறக்கிடுவேன்னு. எறக்கலையே? எத்தனையோ வருஷமாச்சு." மாமியார் ஆறுதலாகத்தான் சொன்னாள். துணியிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் சொட்டியது. "நீ மட்டும் எதுத்துப் பேசாத."

"இவரு கண்ணப் பாத்தீங்களா அத்தை? இவரு எறக்கிடுவாரு."

மாமியார் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

படத்தைத் திருத்தியே ஆக வேண்டும் என்றார் தலைவர். திருத்துவதென்றால் ஆள் மறுபடி நிற்க வேண்டும் என்றாள் பெயிண்டரம்மா. அவள் ஏணியோடு வந்து சேர்ந்த காலையில், தலைவரும் மகனும் மாமியாரும் வாத்தியாரும் மருமகளைக் காரில் அழைத்துக்கொண்டு சுவருக்கே வந்தார்கள். ஆற்றுக்காற்று கண்ணுக்கு ஆகாது என்று அவளுக்குத் தலைவரின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டிருந்தார்கள். அது கன்னத்தின் பாதிவரை இறங்கியிருந்தது. அந்தத் தெருவில் சந்தை கூடுவதற்கு முன் வேலையை முடித்துவிடலாம் என்று தலைவர் போட்ட கணக்கில் மீன் விட்டுப்போயிற்று. மீன்காரர்கள் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவார்கள்.

"கைய எடுக்கணும்னா அவரு தள்ளி நிக்கணும்," என்றாள் பெயிண்டரம்மா. "தள்ளி நிக்கணும்னா கல்வெட்ட வெட்டணும்."

"கல்வெட்டுல கைவைக்கக் கூடாது."

"அப்ப கரைகட்டியவரு கைய வெட்டணும்."

"நாக்க வெட்டுவேன்," என்றான் மகன்.

வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். "அந்த அம்மாளையே எடுத்துட்டா என்ன? கரை தானே நின்றது என்று வச்சுக்கலாமே. வரலாற்றுல அதுக்கும் எடமிருக்கு."

தலைவர் யோசித்தார். "வேணாம். தியாகம் போயிடும். அவளத் திருப்பி நிறுத்து. சிரிச்ச முகமா அவரப் பாத்துக்கிட்டு, அவரு கையப் புடிச்சிருக்கட்டும்."

"அப்ப முகம் தெரியணும்." பெயிண்டரம்மா வெள்ளைப் பெயிண்ட் வாளியோடு ஏணியில் ஏறி, மேலிருந்து கீழே பார்த்தாள். "கண்ணாடியக் கழட்டுங்கம்மா."

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையசைப்பதற்குள் கழற்றிவிட்டாள்.

ஒரு கண் மூடியிருந்தது. அதைச் சுற்றிக் கன்னம் கறுத்து வீங்கியிருந்தது. புருவத்தில் காய்ந்த ரத்தம். மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்திகள் ஒவ்வொன்றாக நின்றன.

வழக்கப்படி பார்த்தால் பெயிண்டரம்மா இப்போது தூரிகையைக் கழுவப் போயிருக்க வேண்டும். ஏணி உச்சியில் அதற்கு வசதியில்லையோ என்னவோ.

"மறுபடியும் படியாம்மா?"

"தானா விழு..." என்று மாமியார் ஆரம்பித்தாள்.

"ஐயா, அந்தப் படியக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடுங்க," என்றாள் பெயிண்டரம்மா, தெருமுழுக்கக் கேட்கும் குரலில். "நல்லாத் தின்னு கொழுத்திருக்கு. மீச வேற வச்சிருக்கு!"

மீன்காரம்மாதான் முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தெருவின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. மகன் இரண்டே எட்டில் ஏணிக்கு வந்து, அதன் காலை ஓங்கி உதைத்தான்.

ஏணி சுவரை விட்டு விலகி ஒரு கணம் நின்றது. பிறகு பெயிண்டரம்மா கல்வெட்டின் விளிம்பில் மோதித் தரையில் விழுந்தாள். வாளி அவள் மேல் கவிழ்ந்தது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. வெள்ளைப் பெயிண்டுக்குள் ரத்தம் கோடு கோடாக இறங்கியது. அவள் அலறினாள். அருகில் ஓடிவந்த மீன்காரர்கள் மகனின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் அவளைத் தூக்கி ஒரு தள்ளுவண்டியில் கிடத்தினார்கள்.

எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தார். தலைவரின் சிபாரிசில் அந்த ஊருக்கு வந்தவர் அவர். டீயை முடித்துவிட்டுத்தான் வந்தார்.

"என்னாச்சுங்க தலைவரே?"

"தானா விழுந்துட்டா. ஏணி வழுக்கிடுச்சு."

"நானும் பார்த்தேன். தானே விழுந்தார்," என்றார் வாத்தியார். நல்லவேளை, புன்னகையைச் சேர்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் மீனைப் பார்த்தது. சற்றுமுன் சிரித்த மீன்காரம்மா, மீனில்லாத தராசில் எதையோ எடைபோட்டுக்கொண்டிருந்தாள். தலைவரின் கையெழுத்து இல்லாமல் அங்கே யாருக்கும் கடை கிடையாது.

சடங்குக்கு இன்னொருவரையும் கேட்டுவைக்கலாம் என்று இன்ஸ்பெக்டர் மருமகளிடம் திரும்பினார்.

"நீங்க ஏணிக்குப் பக்கத்துலயே நின்னீங்களேம்மா. தானா விழுந்தாங்க. அவ்வளவுதானே?"

மகன் வந்து அவள் பின்னால் நின்றான். அவள் தோள்கள் காதுவரை ஏறின. வண்டியில் கிடந்தவளின் முனகல் கேட்டது. பதில் சொன்ன பிறகு எந்த வீட்டுக்குப் போவது என்பது மருமகளுக்குத் தெரியாது. அந்த வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்பது நன்றாகத் தெரியும். ஏறிய தோள்கள் இறங்கவில்லை. அப்படியே நின்றபடி சொன்னாள்.

"இல்ல. தள்ளினாரு."

"யாரு?"

"என் வீட்டுக்காரரு."

"என்னத்த? ஏணியையா?"

"ஏணியையும்."

தராசின் சத்தம் நின்றது.

"அவளுக்குப் புத்தி கலங்கிப்போச்சு, இன்ஸ்பெக்டர்," என்று தலைவர் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். மகன் அவள் முழங்கையைப் பிடித்து முறுக்கியதை எல்லாரும் பார்த்தார்கள். "நீங்க எங்க வீட்டம்மாவக் கேளுங்க," என்ற தலைவர் மனைவியிடம் திரும்பினார். "ஏய், நீயும் இங்கதான நின்னே? என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

மாமியார் வாயைத் திறந்தாள். அந்தச் சொல்லுக்குப் பழகிப்போன நாக்கு மேற்பல்லில் போய்த் தயாராக ஒட்டிக்கொண்டது. அவள் மருமகளின் முகத்தைப் பார்த்தாள். முறுக்கப்பட்டிருந்த அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் எங்க பாத்தேன்? நான் படத்தயில்ல பாத்துக்கிட்டு இருந்தேன்."

"சரிங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர் நிம்மதியாக. "அப்ப எப்படி விழுந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியாம என்ன? அதுல போட்டிருக்கிற மாதிரிதான்."

இன்ஸ்பெக்டர் சுவர்ப் பக்கம் திரும்பினார்.